மார்ச்சில் கேள்

மூர்மான்ஸ்க் நகரில்
முப்பத்தெட்டு நாளாகச்
சூரியன் வேலைக்கு வரவில்லை.
ஐந்தாம் மாடிச் சமையலறை ஜன்னலில்
நீலக் குழல்விளக்கின் அடியில்
ஒரு கற்றாழை
அதையே பகலென்று நம்பி நிற்கிறது.

நாம் குமரி என்போம்.
இவர்களுக்கு அவள் நூறாண்டுக்காரி.
நூறு வருஷத்துக்கு ஒருமுறை பூக்குமாம்,
பார்த்தவர் ஒருவருமில்லை.
வயது வழக்கில்
செடி வாய் திறப்பதில்லை.

வளர்ப்பவள் அந்தோனினா.
ரொட்டித் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
முழங்கைக்குக் கீழே
அடுப்புத் தட்டுகளின் விளிம்புகள் இழுத்த கோடுகள்,
பழையவை வெளுத்து, புதியவை சிவந்து.
ஆலைக் குழாயடியில் இருபது நிமிஷம்
கையை நீட்டி நின்றுவிட்டுத்தான் வருவாள்.
வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல்
அடியிலை ஒன்றை ஒடித்துக்
குவளையில் சாய்த்து வைப்பாள்.
மஞ்சள் பால் வடிய வேண்டும்.
அது கசப்பு; தோலை அரிக்கும், வயிற்றைக் கலக்கும்.
வடிந்தபின் முள்ளைச் சீவி, தோலை உரித்து
வழுவழுத்த சோற்றைக் கோடுகளின்மேல் வைப்பாள்.
எரிச்சல் போய்விடாது.
பக்கத்தில் யாரோ வந்து
உட்கார்ந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

மிச்ச இலைகள் செய்தித்தாளில் சுருண்டு
குளிர்பெட்டியில், உப்புமீனுக்குப் பக்கத்தில்.
பன்னிரண்டு நாள் இருட்டில் கிடந்தால்
வீரியம் கூடும் என்பது அவள் கட்சி.
பஸ் கண்டக்டர் லிதியாவுக்குக் குதிகால் வெடிப்பு:
பிளந்த இலையை வைத்துக் கட்டி
மேலே கம்பளிக் காலுறை.
மூன்றாம் மாடி யெகோருக்கு மூக்கடைப்பு:
தண்ணீர் கலந்து இரண்டு சொட்டு.
பையன் பதினோரு முறை தும்மினான்,
ஜன்னல் கண்ணாடி சாட்சி.
இரண்டாம் மாடிப் பல் டாக்டர்
இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்புச் சத்தமில்லாமல்
படியேறி வந்து
ஓர் இலை கேட்டார்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.

டிசம்பரில் தங்கைக்குப் பிரசவம்.
மூன்று வாரம் வோலக்தா போனாள்.
அதே வாரம்
நான்கு மாதம் கடலில் கிடந்த ரோதியோன்
மீன்பிடிக் கப்பலிலிருந்து இறங்கினான்.
வெறும் வீடு.
பேச ஆளில்லை. செடி இருந்தது.
தினமும் காலையில் ஒரு கோப்பை தண்ணீர்,
ராத்திரி தூக்கம் வராவிட்டால் இன்னொன்று.
உப்பில்லாத தண்ணீர் கண்ணெதிரே குழாயில் கொட்டுகிறது;
கொடுக்காமல் எப்படி இருப்பான்?

அவள் திரும்பியபோது
அடித்தண்டு கறுத்து, கூழாகி,
தொட்டதும் சாய்ந்தது.
வேர் அழுகிய வாசனையில்
சமையலறை ஒரு நிமிஷம் பேசவில்லை.
அவளும் பேசவில்லை.
கத்தியைக் கொதிநீரில் கழுவி
நல்ல சதை தெரியும்வரை மேலே மேலே நறுக்கினாள்.
எஞ்சியது ஒரு சாண் தலைப்பு,
ஏழு இலை.
வெட்டுவாயில் கரித்தூள் பூசி
அலமாரியில் படுக்கவைத்தாள்.
காயம் காயட்டும். பிறகு மணல்.

நான்கு நாள் வீட்டில்
உப்பு எங்கே, சாவி எங்கே, இவ்வளவே பேச்சு.
ஐந்தாம் நாள் சமாதானம் பேச
அவன் மீன் பொரிக்கப் போனான்.
வலை இழுத்த கைக்கு
வாணலிப் பிடி தெரியவில்லை.
உள்ளங்கை முழுக்கப் பிடித்துவிட்டான்.

தரதரவென்று இழுத்துப் போய்க் குழாயடியில் நிறுத்தினாள்.
அலமாரியைப் பார்த்தாள்.
ஏழு இலை.
அவன் “வேண்டாம், வேண்டாம்” என்றான்.
அவள் கீழிலையை ஒடித்தாள்.
“உனக்காக இல்லை.
நடுவதற்கு முன்
கீழிலையை எப்படியும் எடுத்தாக வேண்டும்.”
சொல்லிக்கொண்டே
குவளையில் அதைச் சாய்த்து வைத்தாள்.
மஞ்சள் வடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்,
நாற்காலிகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து
அவன் கேட்டான்:
“இனி எப்போது தண்ணீர் ஊற்றலாம்?”

அவள் மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள்.
“மார்ச்சில் கேள்.”